குழந்தை வைத்தியரின் கடல்கடந்த பயிற்சி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வைத்தியக் கல்லூரிப் படிப்பை முடித்து வெளிவரும் இளைஞர் ஒருவர், குழந்தை வைத்தியராக வேண்டுமென்றால், அதற்குப் பின்னும் மூன்று வருஷ காலம் ஆஸ்பத்திரியிலேயே இரவு பகல் உழைத்துப் பழக வேண்டும். அதை ரெஸிடென்ஸி என்கிறார்கள். இருதய நோய், புற்றுநோய், பிறந்த சிசுவின் பராமரிப்பு முதலிய ஏதேனும் ஒரு துறையில் விசேஷ நிபுணராக விரும்புவோர் மேலும் மூன்று வருஷத்தை பெல்லோஷிப் என்னும் உயர்தரப் பயிற்சியில் கழிக்க வேண்டும். இவ்வாறு வருஷங்களுக்குள் சில வாரங்களையோ, சில மாதங்களையோ, ஆப்பிரிக்காவிலோ ஆசியாவிலோ மத்திய அமெரிக்காவிலோ உள்ள ஓர் ஏழை நாட்டின் ஆஸ்பத்திரியில் கழிப்பதற்கு இப்பொழுது அநேக ஸ்தாபனங்கள் வசதி செய்து கொடுக்கின்றன. இதற்கு 'உலக சுகாதாரப் பயிற்சி' என்று பெயர் இட்டிருக்கின்றனர். எந்த ஆஸ்பத்திரியில் சேரலாமென்று யோசிக்கும் மாணாக்கர் பலர், அங்கே இவ்வசதி உண்டா என்று விசாரித்த பின்னரே விண்ணப்பம் எழுதுகின்றனர். ஆஸ்பத்திரிகளும் இதனைத் தங்கள் பெருமைகளில் ஒன்றாக முன்னே எடுத்து வைக்கின்றன.

வசதி யாருக்கு என்பதே நாம் இன்று ஆராய விரும்பும் விஷயம்.

இதனைச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் உல்லாசப் பிரயாணமென்று இகழ்ந்து தள்ளுவோர் உளர். அவர்களோடு நாம் சேர மாட்டோம். 2023-ம் வருஷத்தில் உலகத்தில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் ஏறக்குறைய 48 லக்ஷம் பேர் மாண்டதாக ஐக்கிய நாடுகளின் கணக்குக் கூறுகிறது. 1990-ம் வருஷத்தில் இத்தொகை 1 கோடியே 20 லக்ஷத்துக்கு மேற்பட்டிருந்தது. குறைந்திருப்பது உண்மை, ஆயினும் எஞ்சிய மரணங்களில் பாதிக்கு மேல் ஸஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவிலேயே நிகழ்கின்றன. அவற்றுள் மிகப் பல, மருந்தும் வழியும் தெரிந்த நோய்களால் வருபவை. வைத்தியர்கள் எங்கே இருக்கின்றனர் என்று பார்த்தாலோ, கணக்கு நேர்மாறாக நிற்கிறது. 2019-ம் வருஷத்தில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியின்படி, செல்வ நாடுகளில் ஒரு லக்ஷம் குழந்தைகளுக்குக் குழந்தை வைத்தியர் 72 பேர் என்பது நடுத்தர அளவு. மிக ஏழை நாடுகளில் அதே லக்ஷம் குழந்தைகளுக்கு அரை வைத்தியர். அதாவது இரண்டு லக்ஷம் குழந்தைகளுக்கு ஒருவர். 72 பேர் இருக்குமிடத்திலிருந்து ஒருவர் புறப்பட்டு, அரை வைத்தியர் இருக்குமிடத்துக்குப் போக விரும்பினால், அவ்விருப்பத்தைக் குறை கூறுவது எங்ஙனம்?

போகிறவருக்கு உண்டாகும் லாபமும் பொய்யன்று. ஹூஸ்டனிலோ பாஸ்டனிலோ பழகும் வைத்தியர், மூளையைத் தாக்கும் மலேரியாவையும், சிசுவுக்கு வரும் இசிவு நோயையும், எலும்பும் தோலுமாக வற்றிப்போன குழந்தையின் ஊட்டக் குறைவையும் புஸ்தகத்தில் மட்டுமே கண்டிருப்பார். மலாவியிலோ உகாண்டாவிலோ ஒரே காலையில் இம்மூன்றையும் காணலாம். ரத்தப் பரிசோதனையின் பதில் வருவதற்கு நாட்கள் ஆகும் இடத்தில், கண்ணையும் காதையும் விரல் நுனியையும் கொண்டு நோயை நிதானிக்கக் கற்றுக்கொள்கிறார். யந்திரம் பேசாத இடத்தில் வைத்தியர் தாமே யோசிக்க வேண்டியதாகிறது. ஊர் திரும்பியபின் அவர் முன்னிலும் நல்ல வைத்தியராகிறார் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இந்த லாபமெல்லாம் ஒரு பக்கத்துப் பேரேட்டில் ஏறிய வரவு. மற்றப் பக்கத்தையும் புரட்ட வேண்டுமல்லவா? ஒரு மாதம் தங்க வரும் இளைஞருக்கு ஊர்ப் பாஷை தெரியாது. தாயிடம் ஒரு கேள்வி கேட்கவும் நர்ஸ் ஒருத்தி தம் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க வேண்டும். அவ்வாஸ்பத்திரியில் எந்த மருந்து உண்டு, எது இல்லை, எந்த அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் விளங்குவதற்குள் இரண்டு வாரம் கழிந்துவிடும். அவர் செய்யும் சிகிச்சையை மேற்பார்க்கக் கடமைப்பட்டவர், ஏற்கெனவே நூறு கட்டில்களுக்குப் பதில் சொல்லும் உள்ளூர்ப் பெரிய வைத்தியர். சிறிது பழகியவுடன் விருந்தாளி விமானம் ஏறுகிறார். அடுத்த மாதம் மற்றொருவர் வருகிறார். பாடம் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவில் தமக்கு மேலுள்ளவர் அனுமதியின்றிச் செய்யத் துணியாத காரியத்தை, இங்கே 'வேறு யாருமில்லையே' என்ற காரணத்தால் செய்துவிடும் சபலமும் உண்டு. நோயாளி ஏழைக் குழந்தை, கேட்பார் இல்லை.

இக்குறைகளை அந்நாட்டு அறிஞர்கள் அறியாதவர்களல்லர். 2010-ம் வருஷத்திலேயே பல தேசத்தார் கூடிய குழு ஒன்று, அயல்நாட்டுப் பயிற்சிக்குரிய தர்மங்களை வகுத்து வெளியிட்டது. அனுப்பும் ஸ்தாபனமும் ஏற்கும் ஸ்தாபனமும் சேர்ந்து ஒப்பந்தம் செய்ய வேண்டும். ஏற்பவருக்கு உண்டாகும் உண்மையான செலவை அனுப்புபவர் ஈடு செய்ய வேண்டும். உறவு நீடித்திருக்க வேண்டும். பலன் இருதரத்தாருக்கும் கிட்ட வேண்டும் என்றெல்லாம் அதில் கண்டிருக்கிறது. குழந்தை வைத்தியர்களுக்குத் தகுதிப் பத்திரம் வழங்கும் அமெரிக்கச் சபையும், பயிற்சித் தலைவர்களுக்கென்று 2018-ம் வருஷத்தில் விரிவான கைந்நூல் ஒன்று வெளியிட்டது. விதிகள் நல்லவை. அவற்றை மீறினால் வழக்காட மன்றம் இல்லாததுதான் குறை.

செலவும் சிரமமும் ஒருபுறம் இருக்க, இதனினும் ஆழமான விஷயம் ஒன்றுண்டு. செல்வ நாட்டு வைத்தியர் தம்முடன் அறிவைக் கொண்டு செல்கிறார், ஏழை நாடு அதைப் பெற்றுக்கொள்கிறது என்பதே இவ்வேற்பாட்டின் அடியிலுள்ள நம்பிக்கை. அந்நம்பிக்கையை ஒரு பெரும் பரிசோதனை 2011-ம் வருஷத்தில் அசைத்துவிட்டது. அதை நம் வாசகர்களுக்குச் சற்று விவரமாகக் கூற விரும்புகிறோம்.

கடுஞ்சுரத்தோடு, கை கால் சில்லிட்டு, ரத்த ஓட்டம் தளர்ந்து வரும் குழந்தைக்கு, உப்புநீரை நரம்பின் வழியாக விரைவாகவும் மிகுதியாகவும் ஏற்ற வேண்டுமென்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பயிலும் ஒவ்வொரு குழந்தை வைத்தியருக்கும் கை தானே செய்யும் அளவுக்குப் பழகிப்போன பாடம். செல்வ நாட்டு ஆஸ்பத்திரிகளில் இதனால் குழந்தைகள் பிழைத்தார்கள் என்று நம்பப்பட்டது. ஆப்பிரிக்காவிலும் இப்படியே செய்யலாமே என்று எண்ணியவர்கள், எண்ணத்தோடு நிற்காமல் பரிசோதித்துப் பார்க்க முன்வந்தது மெச்சத்தக்கது. டாக்டர் காத்தரின் மெய்ட்லண்ட் என்னும் ஆங்கில அம்மையாரின் தலைமையில், கென்யா, உகாண்டா, தான்ஸானியா ஆகிய மூன்று நாடுகளின் வைத்தியர்கள் கூடி அதை நடத்தினார்கள். வயிற்றுப்போக்கினால் நீர் வற்றிய குழந்தைகளும், கடும் ஊட்டக் குறைவுள்ளவர்களும் இதில் சேர்க்கப்படவில்லை. மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்ட 3,141 குழந்தைகளில், ஒரு பகுதியாருக்கு உப்புநீரும், ஒரு பகுதியாருக்கு ஆல்புமின் கலந்த நீரும் விரைந்து ஏற்றப்பட்டன. மூன்றாம் பகுதியாருக்கு அவ்விதம் விரைந்து ஏற்றாமல், மற்ற சிகிச்சைகள் மட்டும் அளிக்கப்பட்டன.

விளைவு என்ன? 48 மணி நேரத்துக்குள், நீர் விரைந்து ஏற்றப்பட்ட இரு பகுதியாரிலும் 100-க்குப் பத்தரைக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஏற்றப்படாதவர்களில் 100-க்கு 7.3 பேரே மாண்டனர். குழந்தைகளைக் காக்கும் என்று உலகம் நம்பிய சிகிச்சை, அவ்வாஸ்பத்திரிகளில் நூறு குழந்தைகளுக்கு மூவரைக் கூடுதலாகக் கொன்றது. இதைக் கண்ட மேற்பார்வைக் குழு, உத்தேசித்த எண்ணிக்கை முடியுமுன்பே பரிசோதனையை நிறுத்திவிட்டது.

மேல்நாட்டு வைத்தியர் பலருக்கு இதை நம்ப மனம் வரவில்லை. குழந்தைகளைத் தேர்ந்தெடுத்த முறை சரியா என்றும், இது ஆப்பிரிக்காவுக்கு மட்டுமே பொருந்துமோ என்றும் பல ஆக்ஷேபங்கள் எழுந்தன. அவற்றுள் சில நியாயமானவையே. ஆயினும் மறுக்க முடியாத உண்மை ஒன்று நிலைத்துவிட்டது. மூச்சு யந்திரமும் தீவிர சிகிச்சைப் பகுதியும் பின்னால் காத்திருக்கும் இடத்தில் உதவும் பாடம், அவை இல்லாத இடத்தில் அப்படியே உதவுமென்று கொள்வதற்கில்லை. அதைக் கண்டறிந்ததும் செல்வ நாட்டு ஆஸ்பத்திரியன்று. அங்கிருந்து ஒரு மாதம் தங்கக் கம்பாலாவுக்கு வரும் இளைஞர், தம் கை பழகிய வேகத்திலேயே நீரை ஏற்றத் தொடங்கினால், அவரைத் தடுத்து நிறுத்த வேண்டியவர் அவ்வூர் வைத்தியரே. பாடம் சொல்பவர் யார், கேட்பவர் யார் என்பது இங்கே தலைகீழாகிறது.

யந்திரங்களின் கதையும் இதே நியாயத்தைக் காட்டுகிறது. மூச்சுத் திணறும் சிசுவின் நாசி வழியாக இடைவிடாத அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் எளிய கருவி ஒன்றை, ஹூஸ்டனிலுள்ள ரைஸ் சர்வகலாசாலையார் குறைந்த செலவில் சமைத்தனர். மலாவி நாட்டின் பிளாண்டையர் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அதைக் கையாண்டபோது, மூச்சுத் திணறிய சிசுக்களில் பிழைத்தவர் 100-க்கு 44-லிருந்து 71 ஆக உயர்ந்ததாக 2014-ம் வருஷத்தில் அறிவிக்கப்பட்டது. உள்ளம் குளிரும் செய்தி. அதே நாட்டின் சலீமா ஜில்லா ஆஸ்பத்திரியில், ஒரு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட, கடும் நிமோனியாவோடு வேறு ஆபத்தும் சேர்ந்த குழந்தைகளுக்கு இம்முறையிலேயே காற்றுச் செலுத்திப் பார்த்தார்கள். 2019-ம் வருஷத்தில் வெளிவந்த முடிவு வேறுவிதமாயிருந்தது: கருவி வைக்கப்பட்டவர்களில் 100-க்கு 17 பேரும், சாதாரணமாகப் பிராண வாயு மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 11 பேரும் மாண்டனர். குழந்தைகளின் வயதும் நோயும் வேறு என்பது மெய்யே. ஆனால் சலீமாவில் நாள்தோறும் கட்டிலருகே வந்து பார்க்கும் வைத்தியர் இல்லை. தீவிர சிகிச்சைப் பகுதியும் இல்லை என்பதை ஆராய்ச்சியாளரே எடுத்துக் கூறியிருக்கின்றனர். கருவியைப் பெட்டியில் அனுப்பிவிடலாம். எப்போது அதைக் கழற்ற வேண்டுமென்று நள்ளிரவில் தீர்மானிப்பவரைப் பெட்டியில் அனுப்ப முடியாது.

ஆகவே, வருகிறவர் எத்தனை பேர் என்பதைவிட, இருக்கிறவர் எத்தனை பேர் என்பதே கேட்கத் தக்க கேள்வி. வந்து இருந்துவிட்டவர்களும் உண்டு. மிச்சிகன் ராஜ்ய சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் டெர்ரி டெய்லர் என்னும் அம்மையார், 1986-ம் வருஷம் தொடங்கி வருஷந்தோறும் மழைக்கால மாதங்களைப் பிளாண்டையரில் மலேரியாக் குழந்தைகளின் நடுவே கழித்தவர். மூளை மலேரியாவில் குழந்தை ஏன் மாள்கிறது என்பதே அவர் கேள்வி. 2008-ம் வருஷத்தில் அவ்வூருக்கு மூளையைப் படம் பிடிக்கும் காந்தக் கருவி வந்தது. மூளை வீங்கி மூச்சை நடத்தும் பகுதியை நெருக்குவதே மரணத்துக்குக் காரணமென்று 2015-ம் வருஷத்தில் அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் வெளியிட்டனர். கேள்விக்கும் பதிலுக்கும் இடையே கிட்டத்தட்ட முப்பது மழைக்காலங்கள். ஒரு மாத விருந்தாளிகள் முந்நூற்றுவர் அடுத்தடுத்து வந்திருந்தாலும் இது கைகூடியிராது. அதே ஆஸ்பத்திரியில் டாக்டர் எலிஸபெத் மாலிநூ என்பவரும் உடனிருந்தோரும் செய்தது இன்னும் எளியது. வரிசையில் காத்திருக்கும் குழந்தைகளில் யார் உடனே பார்க்கத் தக்கவர் என்று வாயிலிலேயே பிரித்தறியும் ஏற்பாட்டை 2001-ம் வருஷத்தில் அமைத்தார்கள். உள்ளே சேர்க்கப்பட்ட குழந்தைகளில் முன்பு 100-க்கு 10 முதல் 18 வரை இருந்த மரணம், பின்பு 6 முதல் 8 வரை தாழ்ந்தது. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. அவ்வாயிலை வருஷக்கணக்காய்ப் பார்த்துப் பழகிய கண்ணே தேவைப்பட்டது.

தமிழ் நாட்டாருக்கு இது புதிய செய்தியன்று. 1900-ம் வருஷத்தில் வேலூருக்கு வந்து ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்த ஐடா ஸ்கடர் அம்மையார், தாமே எல்லா நோயாளிகளையும் பார்த்துவிட முடியுமென்று எண்ணவில்லை. 1918-ம் வருஷத்தில் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி திறந்தார். அவர் செய்த சிகிச்சைகளை இன்று நினைப்பாரில்லை. பள்ளியோ கல்லூரியாகி நிற்கிறது.

அமெரிக்க ஸ்தாபனங்கள் சிலவும் இவ்வழியில் நடந்திருக்கின்றன என்பதைச் சொல்லாமல் விடுவது பக்ஷபாதமாகும். ஹூஸ்டன் பேய்லர் வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மார்க் கிளைன், ருமேனியாவில் எய்ட்ஸ் நோய்க் குழந்தைகளின் அவதியைக் கண்டு 1996-ம் வருஷத்தில் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். 2001-ல் அங்கே கான்ஸ்டான்ஸா நகரிலும், 2003-ல் பாட்ஸ்வானாவின் தலைநகரிலும் குழந்தைகளுக்கென்றே எய்ட்ஸ் வைத்தியசாலைகள் எழுந்தன. 2005-ம் வருஷத்தில், அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களைச் சில வாரங்களுக்கன்றி வருஷக்கணக்கில் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும் படை ஒன்று திரட்டப்பட்டது. படிப்புக் கடன் தீர்க்கவும் அவர்களுக்கு உதவி செய்தார்கள். கடனாளியான இளைஞரிடம் தியாகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வதைவிட இது மேல். அனுபவம் முதிர்ந்தபின் அவ்வியக்கத்தார் இன்னொரு படி ஏறினார்கள். உகாண்டாவின் மக்கெரேரே சர்வகலாசாலையில் குழந்தைகளின் ரத்த நோயிலும் புற்றுநோயிலும் விசேஷ நிபுணராகும் பெல்லோஷிப் பயிற்சி 2016-ம் வருஷத்தில் ஆரம்பமாயிற்று. அங்கே பயில்பவர் ஆப்பிரிக்க வைத்தியர். பயிலும் இடம் ஆப்பிரிக்க ஆஸ்பத்திரி. கற்பிக்க வந்து வருஷக்கணக்கில் தங்குகிறவர்களில் அமெரிக்க நிபுணரும் உண்டு. உலக சுகாதார வசதி என்று எதையேனும் அழைப்பதானால் இதையே நாம் முதலில் அழைப்போம்.

புற்றுநோயை எடுத்துக்கொண்டதிலும் அர்த்தமிருக்கிறது. செல்வ நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் 100-க்கு 80-க்கு மேற்பட்டோர் பிழைக்கின்றனர். ஏழை நாடுகளில் 30 பேரும் பிழைப்பதில்லை. 2030-ம் வருஷத்துக்குள் உலக முழுவதிலும் குறைந்தது 60 பேராவது பிழைக்க வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2018-ல் குறி வைத்தது. மாதக்கணக்கில் மருந்தின் அளவைக் கூட்டியும் குறைத்தும், அதனால் வரும் ஜுரத்தைக் காத்தும் நடத்த வேண்டிய இச்சிகிச்சையை, ஊரில் குடியிருக்கும் நிபுணரன்றி வேறு யார் செய்ய முடியும்? மெம்பிஸ் நகரத்து ஸெயிண்ட் ஜூட் ஆஸ்பத்திரியார் இதனை நன்குணர்ந்து, 2000-ம் வருஷத்தில் கௌதமாலாவில் ஏற்பட்ட குழந்தைப் புற்றுநோய் நிலையத்துக்குத் துணை நின்றனர். அண்டை நாட்டு வைத்தியர்களும் இன்று அங்கே வந்து நிபுணராகின்றனர். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், உலக யுத்தத்தில் மாண்டவர் நினைவாகக் கட்டப்பட்ட செஞ்சிலுவைக் குழந்தை ஆஸ்பத்திரியை நிலைக்களனாகக் கொண்டு, 2007-ம் வருஷம் முதல் ஆப்பிரிக்க வைத்தியர்களுக்கு விசேஷப் பயிற்சி அளிக்கப்படுகிறது. தாய்நாட்டு ஸ்தாபனமே ஆளைத் தேர்ந்து அனுப்புகிறது. திரும்பியதும் வேலை காத்திருக்கிறது. பயின்றவர்களில் 100-க்கு 90-க்கு மேற்பட்டோர் தத்தம் நாடு திரும்பியிருக்கின்றனர்.

திரும்புதல் என்றவுடன் சட்டம் நினைவுக்கு வருகிறது. சட்டப் புஸ்தகங்களோடு பழகியவர்களாதலால், இவ்விஷயத்தில் நம் கண் அங்கே போய் நிற்பதை வாசகர்கள் மன்னிப்பார்களாக. பாஸ்டன் இளைஞர் மலாவிக்குச் சென்றால், தற்காலிகப் பதிவு ஒன்று பெற்று, மறு வாரமே நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை செய்யலாம். மலாவி வைத்தியர், தம் நாட்டில் ஐயாயிரம் குழந்தைகளைக் காப்பாற்றியவராயினும், அதே பாஸ்டனுக்கு ஒரு மாதம் வந்தால், அமெரிக்கப் பரீக்ஷைகளும் உத்தரவுச் சீட்டும் இல்லாதவரை, கைகட்டி நின்று பார்க்கத்தான் முடியும். 'பார்வையாளர்' என்று அதற்கு ஒரு மரியாதையான பெயரும் உண்டு. நோயாளிகளின் பாதுகாப்பை முன்னிட்டே இவ்விதி என்கிறார்கள். மெத்தச் சரி. மலாவிக் குழந்தைக்கும் அப்பாதுகாப்பு வேண்டாமா என்றுதான் கேட்கிறோம்.

பரீக்ஷை தேறி, முழுப் பயிற்சிக்கே சேர்கிற அயல்நாட்டாரின் நிலை வேறு. பரிவர்த்தனை விஸாவில் வரும் வைத்தியர் பயிற்சி முடிந்ததும் இரண்டு வருஷமேனும் தாய்நாட்டில் போய் இருக்க வேண்டுமென்பது அமெரிக்கச் சட்டம். கற்றது பெற்ற நாட்டுக்குப் பயன்பட வேண்டுமென்ற நல்லெண்ணத்தோடு செய்த விதி அது. ஆனால் 1994-ம் வருஷத்தில், வடக்கு டகோட்டாவின் பிரதிநிதியாயிருந்த செனட்டர் கான்ராட் கொண்டுவந்த ஏற்பாடு, வைத்தியர் குறைந்த அமெரிக்கப் பகுதியொன்றில் மூன்று வருஷம் உழைக்க ஒப்புகிறவருக்கு அவ்விதியிலிருந்து விலக்களித்தது. ராஜ்யமொன்றுக்கு வருஷத்தில் 20 பேர் என்றிருந்தது பின்னர் 30 ஆயிற்று. அமெரிக்கக் கிராமத்துக் குழந்தைக்கும் வைத்தியர் வேண்டும்; அதை நாம் மறுக்கவில்லை. நம் மாகாணத்துக் கல்லூரிகளில் பொதுப் பணத்தில் படித்துச் சென்றவர்களும் இவ்வழியில் அங்கே நிலைத்திருக்கின்றனர். அவர்கள் மீதும் நமக்குப் பகையில்லை. ஒரு மாத விருந்தாளியை அனுப்பிவிட்டு, ஆயுட்கால வைத்தியரைப் பெற்றுக்கொள்ளும் இவ்வியாபாரத்தில் தராசு எப்பக்கம் சாய்கிறது என்பதை மட்டும் குறிக்கிறோம்.

பணத்தின் நிலையையும் கவனிக்க வேண்டும். ருவாண்டா நாட்டில் 2012-ம் வருஷத்தில் ஆரம்பமான மகத்தான திட்டம், இருபதுக்கு மேற்பட்ட அமெரிக்க ஸ்தாபனங்களின் ஆசிரியர்களை உள்ளூர் ஆசிரியர்களோடு ஜோடி சேர்த்து, விசேஷ வைத்தியர்களை அந்நாட்டிலேயே ஆக்க முனைந்தது. திட்ட காலம் முடியுமுன்னரே, 2017-ல், எய்ட்ஸ் நிவாரணத்துக்கான அமெரிக்க நிதி அதிலிருந்து விலகிவிட்டது. 2025-ம் வருஷத்தில் நேர்ந்தது இதனினும் பெரிது. 1961 முதல் அமெரிக்க உதவியை விநியோகித்துவந்த யு. எஸ். எயிட் ஸ்தாபனம் அவ்வருஷம் ஜூலை முதல் தேதியோடு அவ்வேலையை நிறுத்தியது. எஞ்சியவை அயல்நாட்டு இலாகாவிடம் ஒப்படைக்கப்பட்டன. அதற்கு இரண்டு மாதம் முன்பே, அமெரிக்கச் சர்வகலாசாலை வழியாக அயல்நாட்டு ஆஸ்பத்திரிக்கு ஆராய்ச்சிப் பணம் சென்றுவந்த பழைய முறையை அந்நாட்டுத் தேசீய சுகாதார ஆராய்ச்சி ஸ்தாபனம் நிறுத்திவிட்டது. அமெரிக்க இளைஞரின் விமானச் செலவு அவர்தம் ஆஸ்பத்திரியின் கணக்கிலிருந்து வரக்கூடும், அதற்கு ஆபத்தில்லை. வெட்டு விழுவது, அவரை வரவேற்கும் வார்டின் மருந்துக்கும் ஆட்களின் சம்பளத்துக்குமே.

இந்நிலையில், போவதை அடியோடு நிறுத்திவிடலாம் என்று அங்கே சிலர் சொல்லத் தொடங்கியிருக்கின்றனர். நாம் அதற்கு உடன்படோம். போகிறவர் குறைந்தது ஒரு வருஷம் இருக்கட்டும். பெல்லோஷிப்பின் மூன்று வருஷத்தில் அதற்கு இடமுண்டு. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினால், அக்குழந்தைகளைக் காத்த உள்ளூர் வைத்தியரின் பெயர் முதலில் நிற்கட்டும். ஒருவரை அனுப்பும் ஒவ்வொரு ஸ்தாபனமும், கம்பாலாவிலோ கேப் டவுனிலோ பயிலும் ஒரு வைத்தியரின் சம்பளத்தை அதே கணக்கில் ஏற்றட்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுவின் ஒரு தீர்மானம் போதும்.

சட்டம் வேண்டியது ஒன்றுக்குத்தான். அதுவும் முடியாத காரியமன்று. மெம்பிஸ் நகரம் அடங்கிய டென்னஸி ராஜ்யத்தின் சட்டசபை 2023-ம் வருஷத்தில் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. வேற்று நாட்டில் பயின்று தேர்ந்த வைத்தியர், அமெரிக்க ரெஸிடென்ஸியை மறுபடியும் செய்யாமலே, அங்குள்ள ஆஸ்பத்திரியொன்றில் வேலை கிடைக்குமானால் தற்காலிக உத்தரவு பெற்றுத் தொழில் செய்யலாமென்று அது கூறுகிறது. அதன்பின் வேறு சில ராஜ்யங்களும் அதைப் பின்பற்றின. நோயாளிகளின் பாதுகாப்பு என்று அதுவரை சொல்லப்பட்ட தடை, தங்கள் ராஜ்யத்தில் வைத்தியர் குறைந்தவுடன் இவ்வளவு எளிதில் தளர்ந்திருக்கிறது. உள்ளே வந்து தங்கிவிடுகிறவருக்காக அக்கதவு திறக்கப்பட்டிருக்கிறது. ஆறு மாதம் கையால் தொட்டுக் கற்றுக்கொண்டு, லிலாங்வேக்கோ கிகாலிக்கோ திரும்பிப் போகிறவருக்காக அதைத் திறக்கும் மசோதாவை எந்தச் சட்டசபை கொண்டுவரப் போகிறதென்று எதிர்பார்த்திருக்கிறோம்.